டான் டெல்டா மைனஸில் வருகிறதா? குறைந்த இழப்புக் கண்ணாடியையும் எல்.டி.சி.சி.யையும் அளக்கும் வழி

போன ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், பெங்களூரு பீன்யாவில் நான் வேலை பார்க்கும் லேபில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவன் ஒரு தாளை நீட்டினான். ஸ்ரீராமபுரத்துப் பையன், எம்.டெக் முடித்த கையோடு வந்தவன். "அண்ணா, மாறிலி 5.6 வருது, டான் டெல்டா மைனஸ் 0.0003 வருது. ரிப்போர்ட்ல போட்டுடலாமா?" என்றான். நான் சிரித்துவிட்டேன், அவன் முகம் சுருங்கிப் போனது. டான் டெல்டா என்பது பொருளில் வீணாகும் சக்தியின், அதாவது இழப்பின், அளவு. அது மைனஸில் இருக்கிறது என்றால் அந்தத் துண்டு தான் வாங்கிய மின்சாரத்தைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு பொருள் கையில் இருந்தால் நாங்கள் ஏன் இன்னும் வாடகைக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறோம்?

அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. கல்லூரியில் எல்லாருக்கும் சொல்லித் தருவதைத்தான் அவனும் செய்திருந்தான். 20 மி.மீ எல்.டி.சி.சி வட்டத் துண்டை, அதாவது கண்ணாடித் தூள் கலந்து குறைந்த சூட்டில் சுட்ட பீங்கானை, இரண்டு பித்தளைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, எல்.சி.ஆர் மீட்டரை 1 மெகாஹெர்ட்ஸில் வைத்து, திரையில் வந்ததை எழுதிக்கொண்டான். இழப்பு 0.01, 0.02 என்று இருக்கும் ஜன்னல் கண்ணாடிக்கு இந்த வழி போதும். இழப்பு 0.001-க்குக் கீழே இறங்கியதும் கதை மாறிவிடும். மேசை மேல் வைக்கும் நல்ல மீட்டருக்கே இழப்பைச் சொல்வதில் 0.0005 முதல் 0.001 வரை பிசகு உண்டு, அதனால் உண்மையான எண் 0.0008 என்றால் மீட்டர் 0.0013 என்றும் சொல்லலாம், மைனஸ் 0.0001 என்றும் சொல்லலாம், இரண்டுமே அதன் கணக்கில் சரிதான். கேபிளை நகர்த்தினால் எண்ணும் நகரும். முனைகளைத் திறந்து வைத்தும் ஒட்ட வைத்தும் செய்யும் ஓப்பன், ஷார்ட் திருத்தம் செய்யாமல் அளந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், அதற்கு அடுத்த இரண்டு வாரம் நாங்கள் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். ஆர்.எஃப் சர்க்யூட் போடுகிறவர்கள், கண்ணாடியோ பீங்கானோ செய்து பார்க்கும் மாணவர்கள், ஆண்டெனாவுக்கு அடித்தளம் தேடுகிறவர்கள் இவர்களுக்காக.

எதை அளக்கிறோம், எவ்வளவு நுணுக்கம் வேண்டும்

எண்கள் இரண்டுதான். மின்காப்பு மாறிலி ஒன்று, டான் டெல்டா இன்னொன்று. மாறிலியின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு மடங்கு அலைநீளம் பொருளுக்குள் சுருங்கும், ஆகவே ஃபில்டரோ ஆண்டெனாவோ எந்த அளவில் வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மாறிலியில் 2 சதவீதம் தப்பினால் அதிர்வெண்ணில் 1 சதவீதம் தப்பும். 10 கிகாஹெர்ட்ஸ் ஃபில்டர் 100 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய் நிற்கும், குறுகிய பட்டை ஃபில்டர் என்றால் அதோடு முடிந்தது.

டான் டெல்டா, அலையில் எவ்வளவு பங்கு சூடாகப் போகிறது என்பதன் அளவு. பொருள் முழுக்க நிறைந்த ஒரு லைனில் பொருளால் வரும் இழப்பைக் கணக்கிட ஒரு சுலபமான வழி இருக்கிறது. 27.3-ஐ மாறிலியின் வர்க்கமூலத்தாலும் டான் டெல்டாவாலும் பெருக்கி, வெற்றிடத்தில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் அந்த நீள அலகுக்கு இத்தனை டெசிபல் என்று வரும். 10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 செ.மீ. மாறிலி 7.1, டான் டெல்டா 0.001 உள்ள எல்.டி.சி.சி என்றால் ஒரு செ.மீ.க்கு 0.024 டெசிபல். அதே இடத்தில் ஜன்னல் கண்ணாடியை வைத்தால், அதன் இழப்பை 0.02 என்று வைத்துக்கொள்வோம், ஒரு செ.மீ.க்குக் கிட்டத்தட்ட அரை டெசிபல். பத்து செ.மீ. ஓடினால் அனுப்பிய சக்தியில் பாதிக்கு மேல் கண்ணாடியைச் சூடாக்கவே போய்விடும். மைக்ரோவேவ் அடுப்பில் சில கண்ணாடிப் பாத்திரங்கள் சாப்பாட்டோடு சேர்ந்து தாமும் சுடுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

எண்கள் எந்த வட்டாரத்தில் இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே மனதில் இருந்தால் பாதித் தவறை உடனே பிடித்துவிடலாம். உருக்கிய சிலிக்கா என்றால் மாறிலி 3.8 பக்கம், இழப்பு 0.0001 முதல் 0.0004 வரை. போரோசிலிகேட் 4.6 பக்கம். சாதாரண சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி 7 பக்கம். அலுமினா 9.8, இழப்பு சிலிக்காவைப் போலவே குறைவு, ஆனால் சுட 1600 டிகிரி வேண்டும். எல்.டி.சி.சி வகைகள் பெரும்பாலும் 5 முதல் 8 வரை, இழப்பு 0.001 முதல் சில ஆயிரத்தில் பங்குகள் வரை.

கண்ணாடியில் இழப்பு ஏன் இப்படி மாறுகிறது என்றால், முக்கியக் குற்றவாளி சோடியம். சிலிக்கா வலைப்பின்னல் தன் இடத்தில் உறுதியாக நிற்கும். கண்ணாடி சீக்கிரம் உருகட்டும் என்று நாம் சேர்க்கும் சோடா, அந்த வலைக்கு நடுவில் தளர்வாக உட்கார்ந்திருக்கும் அயனிகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மின்புலம் இப்படியும் அப்படியும் திரும்பும்போது அவையும் குதித்துக் குதித்துத் திரும்புகின்றன, அந்தக் குதிப்புதான் சூடு. சோடியத்தோடு பொட்டாசியத்தையும் கலந்தால் ஒன்றின் வழியை மற்றொன்று மறித்து, இரண்டும் சேர்ந்தே குறைவாக நகரும். கண்ணாடிக்காரர்கள் இதைக் கலப்புக் கார விளைவு என்பார்கள். குறைந்த இழப்பு வேண்டுமென்றால் காரத்தைக் குறை, அல்லது கலந்து போடு, போரானையும் அலுமினாவையும் கூட்டு என்பதுதான் பழைய சூத்திரம்.

எல்.டி.சி.சி பிறந்த காரணமும் உருகுநிலைதான். அலுமினாவைச் சுடும் 1600 டிகிரியில் வெள்ளி ஓடிவிடும், அது 961 டிகிரியிலேயே உருகும். அதனால் அங்கே டங்ஸ்டன், மாலிப்டினம் போன்ற, மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாத உலோகங்களைத்தான் போட வேண்டியிருந்தது. அலுமினாத் தூளோடு கண்ணாடித் தூளைக் கலந்து 850 முதல் 900 டிகிரிக்குள் சுட்டால் வெள்ளியையும் உள்ளேயே வைத்துச் சுடலாம். கண்ணாடி சேர்ப்பதால் சுடும் சூடு குறைகிறது, ஆனால் அதே கண்ணாடிதான் இழப்பையும் கூட்டுகிறது. இந்தத் துறையின் பிரச்சினை மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

அதிர்வெண்ணைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லாதீர்கள்

இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், டேட்டாஷீட்டில் 1 மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு 28 கிகாஹெர்ட்ஸ் ஆண்டெனா போட்டவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் தாழ்ந்த அதிர்வெண்ணில் அயனி ஓட்டத்தால் இழப்பு அதிகம், மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகப் போகக் குறையும், பிறகு கிகாஹெர்ட்ஸில் மறுபடி ஏறும். போரோஃப்ளோட் 33 என்ற போரோசிலிகேட் கண்ணாடிக்கு 1 மெகாஹெர்ட்ஸில் 0.0037 என்று இருப்பது 5 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. மாறிலி இவ்வளவு ஆடாது. படிகப் பீங்கான்களில் க்யூ மதிப்பையும் (டான் டெல்டாவின் தலைகீழ்) அதிர்வெண்ணையும் பெருக்கினால் ஏறக்குறைய ஒரே எண் வரும் என்ற வசதி உண்டு, அதை வைத்து ஓர் அதிர்வெண்ணிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். கண்ணாடி கலந்த பொருளில் அந்தத் தாவலை நம்பாதீர்கள். எந்த அதிர்வெண்ணில் சர்க்யூட் ஓடப்போகிறதோ அதற்குப் பக்கத்திலேயே அளந்துவிடுங்கள்.

எந்த முறை

தட்டு முறையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மாறிலி மட்டும், அதுவும் தாழ்ந்த அதிர்வெண்ணில் போதும் என்றால் அது மலிவு, வேகம். ஆனால் காற்று இடைவெளியைக் கவனிக்க வேண்டும். தம்பியின் சாம்பிள் 1 மி.மீ தடிமன். மாறிலி 6 என்றால் 20 மி.மீ விட்டத்துக்கு 16.7 பிக்கோஃபாரட் வர வேண்டும். தட்டுக்கும் சாம்பிளுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் சேர்த்து வெறும் 10 மைக்ரான் காற்று இருந்தாலே 6 என்பது 5.66 ஆகிவிடும். தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி, 6 சதவீதத் தவறு. அவனுக்கு 5.6 வந்த ரகசியம் இதுதான். தட்டு முறைதான் வேண்டுமென்றால் சாம்பிளின் மேலேயே தங்கமோ வெள்ளியோ பூசுங்கள், ஓரத்தில் புலம் பிதுங்குவதால் வரும் சில சதவீதத் தவறைப் போக்க நடு வட்டத்தைச் சுற்றி ஒரு காவல் வளையமும் வையுங்கள்.

குறைந்த இழப்பை அளக்க, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலையை உள்ளேயே ஆட வைக்கும் ரெசனேட்டரை விட்டால் வேறு வழியில்லை. காரணம் சுலபம். அலையை ஒரு தடவை சாம்பிள் வழியாக அனுப்பினால் அது இழக்கும் துளியைக் கண்டுபிடிப்பது கஷ்டம், அதே அலையை ஆயிரக்கணக்கான தடவை ஆட விட்டால் துளிகள் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடும். இதிலும் பல வகை. 1960-இல் ஹாக்கியும் கோல்மனும் சொன்ன முறையில் உருளை வடிவச் சாம்பிளை இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவில் நிறுத்துவார்கள், கோர்ட்னி 1970-இல் அதைச் செம்மைப்படுத்தினார். பீங்கான் ரெசனேட்டர் செய்கிறவர்களுக்கு அது இன்றும் ஓடும், உயரம் விட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் நல்லது. தகடாக இருக்கும் கண்ணாடிக்கும் எல்.டி.சி.சி.க்கும் என் வாக்கு ஸ்பிளிட் போஸ்ட் ரெசனேட்டருக்குத்தான். போலந்துக்காரர் க்ருப்காவும் அவர் குழுவினரும் வளர்த்தெடுத்த கருவி அது. மேலும் கீழும் இரண்டு பீங்கான் வில்லைகள், நடுவில் ஒரு சந்து, அந்தச் சந்தில் சாம்பிளைச் செருகினால் வேலை முடிந்தது. மின்புலம் சாம்பிளின் தளத்திலேயே வட்டமாகச் சுற்றுவதால் மேலேயும் கீழேயும் காற்று இருந்தாலும் கவலையில்லை, எலெக்ட்ரோடு பூச வேண்டாம். தட்டு முறையில் நம்மைக் கொன்ற இடைவெளி இங்கே ஒரு பொருட்டே இல்லை.

கருவி லேபில் இல்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். ஐ.ஐ.எஸ்.சி உட்பட நாடு முழுக்க உள்ள ஆராய்ச்சிக் கூடங்களின் கருவிகளை வெளியாட்களும் பதிவு செய்து பயன்படுத்த ஐ-ஸ்டெம் என்ற தளம் 2020 ஜனவரியில் இங்கே பெங்களூருவில்தான் தொடங்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் நீஸ்ட், புனேயில் சி-மெட் இரண்டும் இந்தப் பொருள்களில் நெடுநாளாக வேலை செய்கிற இடங்கள். எஸ்.எம்.ஏ கனெக்டர், கேபிள் மாதிரியான சில்லறைச் சாமானுக்கு பெங்களூருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி ரோடு இருக்கவே இருக்கிறது. ஆனால் கேபிளை வாங்கும்போது கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள், கனெக்டர் ஆடினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

சாம்பிள் செய்வது: மெனக்கெட வேண்டிய இடம்

தம்பியின் வட்டத் துண்டு 20 மி.மீ. 5 கிகாஹெர்ட்ஸ் ஸ்பிளிட் போஸ்டுக்குக் குறைந்தது 30 மி.மீ சதுரமாவது வேண்டும், தடிமன் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதனால் புதிதாகச் சுட வேண்டியதாயிற்று. அவனுக்கு வருத்தம்தான், ஆனால் அந்த இரண்டாவது சூட்டில்தான் அவன் உண்மையில் கற்றுக்கொண்டான்.

கிரீன் டேப் என்பது தோசை மாவை ஒரே சீராகத் தேய்த்தது போல, கண்ணாடி, பீங்கான் தூள்களைப் பைண்டர் என்ற பசையில் குழைத்துப் பட்டையாக இழுத்து உலர்த்தியது. நாங்கள் எடுத்தது 254 மைக்ரான் டேப். சுடும்போது குறுக்கிலும் நெடுக்கிலும் 12, 13 சதவீதம் சுருங்கும், தடிமனில் 15 சதவீதம் பக்கம். ஆகவே 36 மி.மீ சதுரமாக வெட்டினால் சுட்ட பிறகு 31 மி.மீ கிடைக்கும். ஐந்து அடுக்கு வைத்தால் 1.08 மி.மீ தடிமன். அடுக்கும்போது ஒவ்வொரு தாளையும் 90 டிகிரி திருப்பி வையுங்கள். டேப்பை இழுத்த திசையில் ஒரு மாதிரியும் அதற்குக் குறுக்கே வேறு மாதிரியும் சுருங்கும் என்பதால் திருப்பாமல் அடுக்கினால் சதுரம் செவ்வகமாகும், சில சமயம் அப்பளம் மாதிரி வளைந்தும்விடும். 70 டிகிரி வெந்நீரில், காற்றுப் போகாத பையில் போட்டு, 21 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துவது வழக்கம்.

பிறகு ஃபர்னஸ். இங்கே அவசரப்படாதீர்கள். பைண்டர் எரிந்து வெளியேற 450 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றி, அங்கே ஒரு மணி நேரமாவது நிறுத்த வேண்டும், காற்றும் நன்றாக உள்ளே போய்வர வேண்டும். வேகமாக ஏற்றினால் கண்ணாடி இளகித் துளைகளை மூடிக்கொள்ளும், எரியாத கரி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே எடுத்ததும் துண்டு சாம்பல் நிறமாக இருந்தால் அது அந்தக் கரிதான், அதை அளக்கவே வேண்டாம், குப்பையில் போடுங்கள். கரி மின்சாரத்தைக் கடத்தும், டான் டெல்டா எங்கோ போய் நிற்கும். 850 டிகிரிக்கு மேல் போன பிறகு எவ்வளவு நேரம் என்பது டேப்பைப் பொறுத்தது. சில டேப்புகளில் அந்த நேரத்தில்தான் கண்ணாடி படிகமாகிறது, கால்சியம் போரோசிலிகேட் வகையில் வொல்லாஸ்டனைட் படிகம் உண்டாவது அப்படித்தான். படிகம் கூடினால் இழப்பு குறையும். நடுவில் கரண்ட் போய் வந்தால் அந்தச் சூட்டையே கணக்கில் எடுக்காமல் விடுங்கள். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்பது இந்த ஊரில் பேருந்தில் இடம் பிடிக்க உதவும், ஃபர்னஸிடம் செல்லாது.

இன்னொன்று, அளப்பதற்கான துண்டில் வெள்ளி வேண்டாம். உள்ளே வைத்துச் சுட்ட வெள்ளி கண்ணாடிக்குள் கொஞ்சம் பரவும், அதன் பிறகு நீங்கள் அளப்பது டேப்பை அல்ல, வெள்ளி கலந்த டேப்பை.

நீங்களே உருக்கிய கண்ணாடி என்றால், வார்த்ததும் அது இளகத் தொடங்கும் கண்ணாடி மாற்ற வெப்பநிலைக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக ஆற்றுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போதே தெறிக்கும். வைர ரம்பத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுங்கள். உலர்வாக அறுத்தால் சிலிக்காத் தூள் நுரையீரலுக்குப் போகும், அதில் விளையாட்டே கூடாது. இரண்டு முகமும் இணையாக வரும்வரை தேய்க்க வேண்டும். பளபளப்பு முக்கியமில்லை, இணையாக இருப்பதுதான் முக்கியம்.

தடிமனை மைக்ரோமீட்டரால் ஐந்து இடத்தில் அளந்து எழுதுங்கள். வெர்னியர் போதாது. ஸ்பிளிட் போஸ்டில் மாறிலியின் தவறு ஏறக்குறைய தடிமனின் தவறு எவ்வளவோ அவ்வளவுதான், 1.08 மி.மீ.யில் 10 மைக்ரான் பிசகினால் மாறிலியில் 1 சதவீதம். அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே அலை எவ்வளவு கடந்து வருகிறது என்று அளக்கும், லட்சக்கணக்கில் விலை போகும் வி.என்.ஏ இருந்தும் எங்கள் லேபின் துல்லியத்தைத் தீர்மானிப்பது சில ஆயிரம் ரூபாய் மைக்ரோமீட்டர்தான் என்று நான் சொன்னபோது மேலாளருக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஈரம். இதற்குத்தான் நான் ஆகஸ்ட் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். மழைக்காலத்து பெங்களூருவில் மேசை மேல் ஓர் இரவு கிடந்த சாம்பிள் ஈரம் குடித்திருக்கும், துளை உள்ள பீங்கான் என்றால் இன்னும் நிறையவே. தண்ணீரின் மாறிலி 80 பக்கம், 25 டிகிரியில் அதன் இழப்பு உச்சம் தொடுவது 19 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில், அதாவது நாம் வேலை செய்யும் இடத்திலேயே உட்கார்ந்து கழுத்தறுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் ஆறவிட்டு, எடுத்த உடனே அளக்க வேண்டும். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகியிருந்தால் அந்த டெசிக்கேட்டர் வெறும் அலங்காரப் பொருள். விரலால் தொடாதீர்கள், பிளாஸ்டிக் இடுக்கி போதும். தம்பியின் புதுத் துண்டை நாங்கள் வேண்டுமென்றே இரண்டு தடவை அளந்தோம். மேசையிலிருந்து அப்படியே எடுத்து வைத்தபோது 0.0021, உலர்த்திய பின் 0.0013. அவன் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அன்று முதல் அவன் மேசையில் டெசிக்கேட்டர் நிரந்தரமாகிவிட்டது.

அளப்பது

வி.என்.ஏ.வைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுங்கள். ஏ.சி காற்று ரெசனேட்டர் மேல் நேராக அடிக்கக் கூடாது. முதலில் சாம்பிள் இல்லாமல் உச்சம் எங்கே இருக்கிறது, அதன் க்யூ எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். க்யூ என்பது உச்சத்தின் அதிர்வெண்ணை, உச்சத்திலிருந்து 3 டெசிபல் கீழே உள்ள அகலத்தால் வகுத்தது. க்யூ 5000 என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் அந்த அகலம் 1 மெகாஹெர்ட்ஸ்தான். திரையில் 500 மெகாஹெர்ட்ஸ் பரப்பை விரித்து வைத்துக்கொண்டு 1 மெகாஹெர்ட்ஸை அளக்கப் பார்ப்பது, மாநகராட்சி வரைபடத்தில் வீட்டு வாசற்படியைத் தேடுவது போல. பரப்பை ஐந்தாறு மெகாஹெர்ட்ஸுக்குக் குறுக்கி, புள்ளிகளைக் கூட்டி, இரைச்சல் குறைய வி.என்.ஏ.வின் ஐ.எஃப் பட்டையை 100 ஹெர்ட்ஸ் அளவுக்குக் குறைத்து நிதானமாக ஓட்டுங்கள்.

ரெசனேட்டருக்குள் அலையை விட்டு வெளியே எடுக்கும் கப்ளிங் லூப்களை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அவற்றை உள்ளே தள்ளினால் உச்சம் உயர்ந்து அழகாகத் தெரியும், ஆனால் ரெசனேட்டரின் சக்தி லூப் வழியாகக் கசிந்து வெளியே போகும், க்யூ பொய்யாகக் குறையும். உச்சம் மைனஸ் 40 டெசிபலுக்குக் கீழே இருக்கும்படி இரண்டு லூப்களையும் சமமாக வெளியே இழுங்கள். மைனஸ் 40-இல் தவறு 1 சதவீதம், அதே உச்சத்தை மைனஸ் 20-இல் வைத்தால் 10 சதவீதம். கொஞ்சம் இரைச்சல் தெரிந்தாலும் பரவாயில்லை, சராசரி போட்டுக்கொள்ளலாம்.

இப்போது சாம்பிளைச் செருகுங்கள். உச்சம் கீழே நகரும், அகலம் கூடும். எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து மாறிலி, க்யூ எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து டான் டெல்டா. கருவியோடு வரும் மென்பொருள் தடிமனை வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டுவிடும். சாம்பிளை எடுத்துத் திருப்பி வைத்து, 90 டிகிரி சுழற்றி வைத்து, மொத்தம் ஐந்து தடவை அளங்கள். கடைசியில் மறுபடி காலி ரெசனேட்டரை அளந்து பாருங்கள். ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே உச்சம் நின்றால் நல்லது. நகர்ந்திருந்தால் அறை வெப்பம் மாறியிருக்கிறது, அதுவரை எடுத்த எண்களை மறந்துவிடுங்கள். இந்த முறையில் 0.00002 அளவுக்குக் கீழே உள்ள இழப்பை உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே போக வேண்டுமென்றால் வேறு கருவி, வேறு பட்ஜெட்.

ஒவ்வொரு நாளும் முதல் அளவு உருக்கிய சிலிக்காத் தகடாகவே இருக்கட்டும். 3.8 வரவில்லையா, அன்றைக்கு வேறு எதையும் அளக்க வேண்டாம், கேபிளைப் பாருங்கள், கனெக்டரைப் பாருங்கள், தடிமனைத் தப்பாக அடித்திருக்கிறோமா பாருங்கள். பத்தில் எட்டு தடவை கடைசியாகச் சொன்னதுதான்.

எண் வந்த பிறகு

மாறிலி எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு என்றால் துளைகளைச் சந்தேகியுங்கள். உலர்ந்த எடை, ஊறிய எடை, மூழ்கிய எடை மூன்றையும் எடுத்து ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தி கண்டுபிடித்தால் துளை எத்தனை சதவீதம் என்று தெரியும். 7.8 மாறிலி உள்ள பொருளில் 3 சதவீதத் துளை இருந்தால் அளவில் 7.5 வரும். எடை பார்க்க எல்லாப் பொருளையும் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். லித்தியம் மாலிப்டேட் என்று ஒரு அருமையான பீங்கான் இருக்கிறது, 540 டிகிரியிலேயே சுட்டுவிடலாம், மாறிலி 5.5, 10 கிகாஹெர்ட்ஸில் இழப்பு 0.0002 வட்டாரம். ஆனால் தண்ணீரில் கரையும். அந்தக் குணத்தையே வசதியாக்கி, ஈரப்படுத்தி அழுத்தியே அறை வெப்பத்தில் துண்டு செய்கிறவர்களும் உண்டு. இதன் அடர்த்தியை வேறு திரவத்தில்தான் பார்க்க வேண்டும்.

வெப்பத்தோடு அதிர்வெண் எவ்வளவு நகரும் என்பதையும் ஒரு தடவை பார்த்து வையுங்கள். டிகிரிக்கு 60 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 60 பங்கு) என்றால் 10 கிகாஹெர்ட்ஸ் ஃபில்டர் 50 டிகிரி மாற்றத்தில் 30 மெகாஹெர்ட்ஸ் நகரும். எதிர்த் திசையில் டிகிரிக்கு 450 பி.பி.எம் நகரும் ரூட்டைலைக் கொஞ்சம் கலந்து சரிக்கட்டுவார்கள், பதிலுக்கு மாறிலி ஏறும்.

சிலர் டேப்புக்குள் வெள்ளி வளையம் அச்சிட்டு, அந்த வளைய ரெசனேட்டரின் க்யூவிலிருந்து டான் டெல்டா சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் அந்த எண்ணில் வெள்ளியின் இழப்பும், அதன் சொரசொரப்பின் இழப்பும் கலந்திருக்கும், பிரிக்காமல் எழுதினால் பொருள் பாவம் அநியாயமாகப் பழி சுமக்கும். தவிர, ஸ்பிளிட் போஸ்ட் அளப்பது தகட்டின் தளத்தில் உள்ள மாறிலியை, தகட்டின் மேல் ஓடும் உலோகக் கோடான மைக்ரோஸ்ட்ரிப்பில் புலம் பெரும்பாலும் தடிமன் வாக்கில் போகிறது. தட்டையான துகள் கலந்த டேப்பில் இரண்டும் ஒன்றாக இருக்காது. இரண்டு முறையில் இரண்டு எண் வந்தால் எது தப்பு என்று சண்டை போடுவதற்கு முன் எந்தத் திசை என்று கேளுங்கள்.

வெளி லேபுக்கு அனுப்புவதாக இருந்தால், உலர்த்திய சாம்பிளை ஜெல் பொட்டலத்தோடு இரட்டை ஜிப் பையில் போட்டு, தடிமன் ஐந்தையும், சுட்ட உச்ச வெப்பத்தையும், வேண்டிய அதிர்வெண்ணையும் தாளில் எழுதி வையுங்கள். அதோடு அதே அளவில் ஓர் உருக்கிய சிலிக்காத் தகட்டையும் "சாம்பிள் 4" என்று பெயர் ஒட்டி உள்ளே போட்டுவிடுங்கள், அது என்னவென்று சொல்ல வேண்டாம். போன அக்டோபரில் நாங்கள் அப்படி அனுப்பியபோது சாம்பிள் 4-க்கு மாறிலி 4.1 என்று அறிக்கை வந்தது. தம்பிதான் முதலில் கவனித்தான். போன் போட்டுக் கேட்டபோது தடிமன் பெட்டியில் நாலு சாம்பிளுக்கும் ஒரே எண்ணை அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எங்கள் மற்ற மூன்று சாம்பிளின் எண்களையும் அவன் அன்றிரவே சரியான தடிமனில் திருப்பிக் கணக்குப் போட்டு, காலையில் என் மேசையில் வைத்திருந்தான்.